ஜீரோ எடுக்கவில்லை

என் சம்பளம் டெலிபோன் செலவில் எழுதப்படுகிறது என்பது இருபத்திரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை நானும் மற்றவர்கள் மாதிரி ஒரு ஊழியர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மீட்டிங் ரூம் சுவரில், செலவைக் குறைக்க வந்த தம்பி ஒருவன் ஒரு வட்டத்தைப் போட்டுக் காட்டினான். வட்டத்தைத் துண்டு போட்டு, இது லேண்ட்லைன், இது செல்போன், இது இன்டர்நெட் என்று குச்சியால் தட்டிக்கொண்டே வந்தான். கடைசியில் ஒல்லியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. அதன்மேல் ‘இதர’ என்று இருந்தது. அந்த இதர நான்தான்.

எங்களுடையது மெத்தை கம்பெனி. மூன்று மாடி, பின்னால் தையல் கூடம், அதற்கும் பின்னால் கிடங்கு. எண்பத்தெட்டு எக்ஸ்டென்ஷன். எல்லாம் வந்து சேரும் இடம் முதல் மாடியில் என் அறை, அங்கே இருக்கும் டெலிபோன் பலகை. எந்த போனிலிருந்தும் ஜீரோ அடித்தால் நான் எடுப்பேன். போன் கெட்டுப்போனால் ஜீரோ. மீட்டிங் ரூம் வேண்டுமா, ஜீரோ. இன்னாருடைய நம்பர் மறந்துபோச்சா, ஜீரோ. அதனால் என் பெயர் என்ன என்பதை இங்கே எல்லோரும் மறந்து வெகு காலமாகிறது. தையல் கூடத்துப் பெண்கள் முதல் முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் நான் ஜீரோ அக்கா. முதலாளி பள்ளிக்கூடப் பையோடு வந்து அவர் அப்பாவுக்காகக் காத்திருந்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். இப்போது அவருக்கே தலை வழுக்கை.

எனக்குக் கோபம் வரும். வந்தால் கத்தமாட்டேன், எடுக்கமாட்டேன். என்மேல் தப்பு பண்ணினவருடைய எக்ஸ்டென்ஷன் விளக்கு பலகையில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும், நான் பாட்டுக்கு டீ குடிப்பேன். ஒருமுறை கேஷியர், “உங்களுக்கென்ன, உக்காந்த இடத்துல பட்டன் அமுக்கற வேலை” என்று சொல்லிவிட்டார். நாலு நாள் அவருக்கு மணி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். அதிலிருந்து இந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் என்னிடம் ஒரு மரியாதை. பயம் என்றும் சொல்லலாம், நான் மறுக்கப்போவதில்லை.

செலவைக் குறைக்க வந்த தம்பிக்கு முப்பது வயதிருக்கும். டெலிபோன் பில்லைக் குறைத்துத் தருவதே அவன் தொழிலாம். இப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். வந்த முதல் நாளே தையல் கூடத்துப் பெண்கள் அவனுக்குக் கத்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். துணி வெட்டுகிறவர்கள் வைத்த பெயர், தப்பாகுமா? மாதக் கடைசிக்குள் பில்லில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த மூன்றில் ஒரு பங்கில் சாம்பல் துண்டும் சேர்த்தியா என்று அவன் சொல்லவில்லை.

வேலை போனால் சோற்றுக்குத் திண்டாட்டம் என்றெல்லாம் இல்லை. வேலை போனால் நாள் முழுக்க வீட்டில் இருக்கவேண்டும். வீட்டில் அவர் இருக்கிறார்.

எங்கள் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. போன வருஷம் ரிட்டயர் ஆனார். அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, நாங்கள் நேருக்கு நேர் நின்று ஐந்து நிமிஷம் பேசினால் ஆறாவது நிமிஷம் சண்டை. கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன், நானும் நல்லவள்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு அவர் முந்தாநாள் சொன்னது ஞாபகம் வரும். என் முகத்தைப் பார்த்தால் அவருக்கு நான் சொல்லப்போவது தெரிந்துவிடும்.

போனில் மட்டும் அப்படி இல்லை. தினமும் மூன்று நாற்பதுக்கு, பலகை கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரத்தில், நான் வீட்டு லேண்ட்லைனுக்கு அடிப்பேன். அவர் பஸ் ஓட்டிய காலத்திலும் அது அவருடைய ஓய்வு நேரம், டிப்போ போனில் பிடிப்பேன். போனில் அவர் குரல் இறங்கிவிடும். நானும் வேறு ஆள். “ஜீரோவா?” என்பார். “ஆமா, சொல்லுங்க” என்பேன். காலையில் போட்ட சண்டையை யாரோ இரண்டு பேர் போட்ட சண்டை மாதிரி ஆற அமரப் பேசித் தீர்ப்போம். முப்பத்தைந்து நிமிஷம். என் செல்லில் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். செல்லில் கூப்பிட்டால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். ஆபீஸ் லைனில் கூப்பிட்டால் ஆபீஸ் கூப்பிடுகிறது. யாருக்கும் மானம் போகாது.

கத்திரி முதல் வாரம் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் தேடினான். மூன்றாம் மாடியில் பழைய மெத்தைகளை அடுக்கிவைத்திருந்த அறையில், பதினோரு மெத்தைக்குப் பின்னால் ஒரு ஃபேக்ஸ் மெஷினைக் கண்டுபிடித்தான். அதற்கு மாதாமாதம் வாடகை போய்க்கொண்டிருந்தது. ஆறு வருஷம் முன்னால் வேலையை விட்டுப் போன ஒரு விற்பனைப் பிரதிநிதியின் சிம்முக்குத் தினம் ஒரு ஜோக் வந்துகொண்டிருந்தது, காசு கம்பெனியுடையது. இரண்டாயிரம் ஜோக்குக்கு மேல் யாரும் சிரிக்காமலே வீணாகியிருக்கிறது.

அதன் பிறகு அவனுடைய முறையைச் சொன்னான். அதற்குக் கத்தல் சோதனை என்று பெயராம்.

“ரொம்ப சிம்பிள் மேடம். சந்தேகமா இருக்கற லைனோட வயரை உருவிடுவோம். யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். மூணு நாள் பார்ப்போம். யாராவது கத்தினா திரும்ப மாட்டிடுவோம். யாரும் கத்தலன்னா அந்த லைன் யாருக்கும் தேவையில்ல.”

“கத்தறது யார்கிட்ட?”

“உங்ககிட்டதான். நீங்க ஒரு நோட்டுல குறிச்சு வைங்க.”

நான் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக் ‘கத்தல்’ என்று தலைப்பு எழுதினேன். வயரை உருவின அரை மணி நேரத்தில் பக்கத்து மேஜை போனிலிருந்து ஜீரோவுக்கு அடித்துக் கத்துவார்கள், நான் குறிப்பேன், கத்திரி போய் மாட்டுவான். நன்றாகத்தான் நடந்தது. உண்மையில் போன் தேவைப்படுகிறவர் மெதுவாகச் சொல்வார். தேவைப்படாதவர்தான் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. என்னிடம் கேட்டால்தானே சொல்வேன்?

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை, கத்திரி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். கையில் ஒரு லிஸ்ட். முப்பது எக்ஸ்டென்ஷன் இருந்தது, அடியில் முதலாளியின் கையெழுத்து. லிஸ்டில் கடைசி வரி: ஜீரோ.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லா லைனுக்கும் ஒரே விதி. இதுக்கு மட்டும் விட்டா நியாயமா இருக்காது.”

“எனக்கா விதி சொல்ற?”

“மூணு நாள்தான். வெளியிலேருந்து வர்ற காலுக்கு ஒரு பதிவுக் குரல் போட்டிருக்கேன். நீங்க வழக்கம்போல இங்க உக்காருங்க. வெளிய சொல்லக்கூடாது. சொன்னா சோதனை கெட்டுடும்.”

அவன் குனிந்து மேஜைக்கு அடியில் போனான். பலகையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது அன்றுதான்.

அவன் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. இந்தக் கட்டிடத்தில் போன் சரியில்லை என்று கத்தவேண்டுமானால் ஜீரோவைத்தான் அடிக்கவேண்டும். ஜீரோவையே பிடுங்கிவிட்டால் யார் எங்கே கத்துவார்கள்? எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. போன் இல்லாவிட்டால் என்ன, எல்லோருக்கும் கால் இருக்கிறதே? என் அறை ஒன்றும் கடலுக்கு அப்பால் இல்லை. ஜீரோ எடுக்கவில்லையே, அக்காவுக்கு என்ன ஆச்சு, உயிரோடுதான் இருக்கிறாளா என்று ஒருத்தராவது வந்து எட்டிப் பார்க்கட்டும். பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

ஒருத்தரும் வரவில்லை.

திங்கட்கிழமை முழுக்க வரவில்லை. ஹெட்போனைத் துடைத்தேன். மேஜை இழுப்பறையைக் காலி செய்து அடுக்கினேன். மூன்று நாற்பதுக்குக் கை தானாகப் பலகைக்குப் போய்த் திரும்பி வந்தது. அன்றைக்கென்று பேசித் தீர்க்கவேண்டிய சண்டை ஒன்று பாக்கி இருந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, நான் தூங்கி எழுவதற்குள் எங்கள் வீட்டுக்காரர் சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கி, உயரவாரியாக அடுக்கி வைத்திருந்தார். பெரியது ஒரு கோடியில், சின்னது மறுகோடியில். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் உப்பு எங்கே, சர்க்கரை எங்கே? நான் கேட்டேன், அவர் கத்தினார், நான் ஒன்று சொன்னேன். “பஸ்ஸை ஓட்டின மாதிரி என் சமையலறையை ஓட்ட வேணாம்” என்று சொல்லிவிட்டேன். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. மற்ற நாளாக இருந்தால் திங்கள் மூன்று நாற்பதுக்கு முடிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமையும் யாரும் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கேஷியர் போனார். என்னைப் பார்த்தார். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். விற்பனை மேலாளர் மாடிப்படியில் என்னைப் பார்த்துவிட்டு, ஏறியவர் அப்படியே இறங்கிப் போனார். அந்த அளவுக்கு நான் வேண்டாதவளாகிப் போனேன் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கம் என்ன, வந்தது வந்ததுதான். கத்திரி மட்டும் இரண்டு தடவை வந்து, “கத்தல் ஏதாவது?” என்று கேட்டான். நோட்டைத் திறந்து வெள்ளைப் பக்கத்தைக் காட்டினேன். அவன் முகத்தில் அவ்வளவு பிரகாசம்.

வீட்டில் உப்பு கிடைக்காமல் இரண்டு நாளாக உப்பில்லாமல் சமைத்தேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். கேட்டால் இறங்கி வந்ததாக ஆகிவிடுமே.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு கால்வாசி திறந்தது. கேஷியர். உள்ளே வந்து கதவைச் சாத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அக்கா, மூணு நாளா ஜீரோ அடிக்கறேன். நீங்க எடுக்கல. போதும்க்கா. எனக்குத் தூக்கமே இல்ல.”

கோபமெல்லாம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“எப்படியோ உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒத்துக்கறேன். மீட்டிங் ரூம் போன்ல புதன்கிழமை புதன்கிழமை வெளிநாட்டுல இருக்கற என் பையன்கூட பேசறது நான்தான். அரை மணி நேரம்தான். அவன் அம்மா பேச ஆரம்பிச்சா முக்கால் மணி ஆகும். அவளையும் லைன்ல சேர்த்துடுவேன். இனிமே பேசல. எடுத்துடுங்கக்கா.”

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் போன பிறகு அணைந்து கிடந்த பலகையைப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஜீரோ எடுக்கவில்லை என்றால் இந்தக் கட்டிடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அக்காவுக்கு என்மேல் கோபம். வயரைப் பிடுங்கியிருப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்? இருபத்திரண்டு வருஷமாக நான் வளர்த்து வைத்திருந்த பயம். ஒவ்வொருத்தரும் தான் என்ன தப்பு பண்ணினோம் என்று மூன்று நாளாகத் தனித்தனியாகப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறந்துபோய்த்தான் வரவில்லை என்று நான் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து கதவு திறந்ததால் அடக்கிக்கொண்டேன்.

கிடங்குப் பொறுப்பாளர். ஆறடி ஆள், குரல் குழந்தை மாதிரி. “அக்கா, காணாம போச்சுன்னு எழுதிக் குடுத்தேனே ஒரு சிம், அது காணாமப் போகல. என் மச்சான்கிட்ட இருக்கு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எனக்கு வித்தை பிடிபட்டுவிட்டது.

“ரெண்டு நாள்ல குடுத்துடறேன்னான். இப்ப அவன் கடை போர்டுலேயே அந்த நம்பரைப் பெயின்ட்ல எழுதிட்டான்க்கா. அழிக்கச் சொன்னா, போர்டுக்கு ஆன செலவை நீ குடுங்கறான்.”

விற்பனை மேலாளர் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“எட்டு மாசம் முன்னாடி, ஒரு நாள் வெளிய கிளம்பும்போது டேபிள் போனுக்கு வர்ற காலெல்லாம் செல்லுக்குப் போற மாதிரி திருப்பினேன். அன்னிக்கே திரும்பி வந்ததும், செல்லுக்கு வர்றதெல்லாம் டேபிளுக்கு வர்ற மாதிரி திருப்பினேன். முதல்ல திருப்பினதை எடுக்க மறந்துட்டேன். இப்ப யாராவது கூப்பிட்டா, அது இதைக் கூப்பிடுது, இது அதைக் கூப்பிடுது. என்கிட்ட வர்றதில்ல. பில்லு மட்டும் ஏறுது.”

“எட்டு மாசமா உங்களுக்கு ஒரு போன்கூட வரலியா?” என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நிம்மதியா இருந்துச்சுக்கா” என்றார் அவர். பாவம், உண்மையைத்தான் சொன்னார்.

மதியத்துக்குள் பதினோரு பேர். கத்தல் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே வந்தேன். பெயரை எழுதவில்லை, லைனை மட்டும் எழுதினேன். என்னை நம்பி வந்து சொன்னதை ஆளோடு சேர்த்து எழுதினால் நான் மனுஷியே இல்லை. எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தால், கத்திரி மூன்று வாரமாக ஏணி போட்டுத் தேடிக் கண்டுபிடித்ததைவிட இது இரண்டு பங்கு. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். மூன்று மணிக்கு முதலாளி அறையில் மீட்டிங். வாடா தம்பி, பார்த்துவிடலாம்.

முதலாளி அறையில் மூன்று பேர்தான். முதலாளி, கத்திரி, நான். கத்திரி எழுந்து நின்று பேசினான். குரலில் தேன்.

“சார், முப்பது லைன் எடுத்தோம். மூணு நாள். ஒரு கத்தல்கூட இல்ல. ஜீரோ உட்பட. என் அனுபவத்துல இப்படி ஒரு சோதனையை நான் பார்த்ததே இல்ல.”

“தம்பி, இந்த ஆபீஸ்ல கத்தணும்னா எங்க கத்தணும்?” என்றேன்.

“உங்ககிட்ட.”

“என்கிட்ட எப்படி?”

“ஜீரோ அடிச்சு...” என்றவன் அங்கேயே நின்றான். கையில் இருந்த குச்சி மெதுவாகக் கீழே இறங்கியது.

முதலாளி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஜீரோ வயரையா பிடுங்கினீங்க? எப்போ?”

“திங்கட்கிழமை சார். நீங்கதான் லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டீங்க.”

“நான் எங்க படிச்சேன்?” என்றார் முதலாளி. பிறகு வழுக்கையைத் தடவிக்கொண்டு, “அப்ப அக்கா என் மேல கோவமா இல்லையா?” என்று கேட்டார். “ரெண்டு நாளா நானும் அடிக்கறேன், எடுக்கல. என்ன தப்பு பண்ணோம்னு யோசிச்சேன். உங்க இருபதாவது வருஷத்துக்குப் புது நாற்காலி வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டு மறந்துட்டேன், அதுக்குத்தான்னு நேத்து ஆர்டர் போட்டுட்டேன். நாளைக்கு வருது.”

பிடுங்கின இடத்துக்கு நாற்காலி வருகிறது. நான் நோட்டை மேஜைமேல் வைத்தேன். லைன் வாரியாக வாசித்தேன். கத்திரி உட்கார்ந்து, தன் கம்ப்யூட்டரைத் திறந்து, நான் சொல்லச்சொல்லத் தட்டினான். தட்டத்தட்ட அவன் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

“மூணுல ஒரு பங்கு தாண்டிடுச்சு சார்” என்றான். நேர்மையான பையன், அதை மறைக்கவில்லை. அதே நேர்மையால்தான் அடுத்ததையும் சொன்னான். “எல்லாத்துக்கும் கணக்கு வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ஒரு வீட்டு நம்பர். தினமும் மூணு நாப்பதுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் போகுது. போன வருஷத்துலேருந்து. தனி ஆள்னு பார்த்தா இந்தக் கம்பெனியிலயே பெரிய செலவு இதுதான். நான் அந்த நம்பருக்கு அடிச்சும் பார்த்தேன். ஒரு ஆள் எடுத்து ‘ஜீரோவா’ன்னு கேட்டார். இல்லன்னதும் வச்சிட்டார்.”

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் மோசம்.

காலையிலிருந்து பதினோரு பேர் என் முன்னால் வந்து நின்று வாய்விட்டுச் சொன்னார்கள். நீதிபதி மாதிரி உட்கார்ந்து கேட்டேன். பன்னிரண்டாவது ஆள் நான் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை பாருங்கள். இத்தனை வருஷம் அதை ஒரு செலவு என்றே நான் நினைத்ததில்லை. மூச்சு விடுவதற்கு யாராவது பில் போடுவார்களா?

“என் வீட்டு நம்பர்தான்” என்றேன். “எடுத்துப் பேசறது எங்க வீட்டுக்காரர். என்மேலதான் தப்பு. வேலையிலேருந்து எடுக்கறதா இருந்தா எடுத்துடுங்க.”

“தினமும் முப்பத்தஞ்சு நிமிஷம் வீட்டுக்காரர்கூட என்னக்கா பேசுவீங்க?” என்று முதலாளி கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட மாதிரி இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் வராந்தாவில் ஒரு சத்தம். அந்தத் தொண்டையை நான் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

“யாரு ஜீரோவை நிறுத்தினது? எனக்கு அந்த ஆள் வேணும்!”

வாட்ச்மேன் ஒரு கையைப் பிடித்துத் தொங்க, மறு கையால் கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சட்டைப் பட்டன் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. என்னை அவர் பார்க்கவில்லை. நேரே முதலாளியிடம் போனார்.

“சார், ரெண்டு நாளா போன் வரல. சரி, நானே அடிக்கறேன்னு அடிச்சா ஒரு பொண்ணு எடுக்கறா. விற்பனைக்கு ஒன்றை அழுத்துங்கறா. அழுத்தினா இன்னும் ரெண்டு சொல்றா. எல்லாத்தையும் அழுத்திப் பார்த்துட்டேன். ஜீரோவைக் குடும்மான்னு தன்மையா கேட்டேன். தவறான எண்ணாம்! இருபத்திரெண்டு வருஷமா தெரிஞ்ச நம்பர் எனக்குத் தப்பா?”

“உக்காருங்க” என்றார் முதலாளி. “என்ன அவசரம்னு சொல்லுங்க.”

“என் வீட்டுக்காரிகூட மூணு நாளா பேச முடியல சார்.”

“ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?”

“அங்க எப்படி சார் பேச முடியும்?” என்றார் எங்கள் வீட்டுக்காரர். இவ்வளவு சாதாரண விஷயம்கூடத் தெரியாத முதலாளியா என்று அவர் பார்த்த பார்வை இருக்கிறதே.

வாட்ச்மேன் கையை விட்டான். கத்திரிதான் முதலில் அசைந்தான். என் பக்கத்தில் வந்து, கத்தல் நோட்டை முன்பக்கமாகத் திருப்பி, வெள்ளையாக இருந்த பக்கத்தில் தன் பேனாவாலேயே எழுதினான்: ஜீரோ, மூன்றாம் நாள், மூன்று இருபது, ஒரு கத்தல்.

“விதின்னா விதிதான் சார். கத்திட்டார். மாட்டிடறேன்” என்றான். பிறகு என்னைப் பார்த்து, “வாங்கக்கா” என்றான். அதுவரை மேடம் மேடம் என்று கூப்பிட்டவன்.

அவனே மேஜைக்கு அடியில் தவழ்ந்து வயரை மாட்டினான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. உடனே பத்துப் பன்னிரண்டு ஒன்றாகச் சிமிட்டின. எல்லாவற்றையும் எடுத்தேன். யாரிடமும் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்று மட்டும் சொன்னேன். உள்ள பயத்தைக் கெடுப்பானேன்?

என் வேலையை எடுக்கவில்லை. மூன்று நாற்பது காலைத்தான் எடுத்துவிட்டார்கள். அதில் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் இல்லை. போகும்போது கத்திரி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். உங்க ரெண்டு செல்லுக்கும் இந்த பேக் போடுங்க, ரெண்டு நம்பருக்குள்ள எவ்வளவு பேசினாலும் தனியா காசு இல்ல என்றான். அவன் தொழிலில் அவன் கெட்டிக்காரன்தான்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் கியர் மாற்றுவது சரியில்லை என்று ஒருமுறை முனகினார், அது என்னிடம் சொன்னது இல்லை. வழியில் ஒரு கடையில் இறங்கி, சீட்டைக் காட்டி, வாய் திறக்காமலே பேக் போட்டோம். வீட்டுக்கு வந்து அவர் முன்னறையில் உட்கார்ந்தார். நான் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். டப்பாக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உயரவாரியாக நின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மிளகு. சோப்புத் தூள். மறுபடி மிளகு.

செல் அடித்தது. திரையில் அவர் பெயர். சுவருக்கு அந்தப் பக்கம் பத்து அடியில் இருக்கிறார்.

எடுத்தேன். குரல் முதலில் முன்னறையிலிருந்து வந்தது, பின்னாலேயே காதுக்குள் வந்தது. ஆனால் அது போன் குரல்தான், இறங்கின குரல்.

“ஜீரோவா?”

“ஆமா. சொல்லுங்க.”

“உப்பு தேடறியா?”

மிளகு டப்பாவை மூடி வைத்தேன்.

“நடுத் தட்டு. இடது பக்கம் கடைசி. மூடி பச்சை.” முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது. “உயரத்தைப் பார்த்து அடுக்கினது என் தப்பு. எடுக்கற கையைப் பார்த்து அடுக்கியிருக்கணும். மூணு நாளா சொல்லணும்னு பார்த்தேன். யார்கிட்டன்னு சொல்றது? அந்த ஒன்றை அழுத்துங்கறவகிட்டயா?”

நடுத் தட்டில் கை வைத்தேன். பச்சை மூடி. உப்பைப் போட்டேன், அடுப்பைச் சிறிதாக்கினேன், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முப்பத்தைந்து நிமிஷம் ஆகும்.